ஏழு தங்கமீன்களும் மூன்று வாளித் தண்ணீரும்

எண்ணிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரியும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் எண்ணுவேன். மாடி ஏறினால் படிகளை எண்ணுவேன், பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன், சாப்பிடும்போது இட்லிகளை எண்ணுவேன் (என் மனைவியும் எண்ணுவாள், அது வேறு காரணம்). அப்படிப்பட்ட நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில், ஏழு தங்கமீன்களைச் சரியாக ஏழு என்று எண்ணி, ஒரு கழிப்பறைக் கோப்பைக்குள் விட்டேன். கோப்பை புத்தம் புதியது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் சமாளிக்கிறேன் என்பீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஆலையில் தற்காலிக எழுத்தர். சூளையிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, நல்லது எத்தனை, விரிசல் எத்தனை என்று நோட்டில் எழுதுவது வேலை. பதினேழு மாதமாகத் தற்காலிகம். வேப்பூர்ப் பக்கம் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "வேலை பெர்மனென்ட்டு ஆவட்டும், தட்டு மாத்திக்கலாம். ஆறு மாசம் பார்ப்பேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதில் ஐந்து மாதம் இருபது நாள் போய்விட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவரும் எண்ணியிருப்பார்.

எங்கள் மேனேஜர் மனிதர்களைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. அவர் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த ஏழு தங்கமீன்களைப் பார்த்துத்தான் சிரிப்பார். அன்று காலை என்னைக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஆபீசர் மூணு மணிக்கு வர்றார்யா. ஆஸ்பத்திரிக்கு வெஸ்டர்ன் கக்கூஸு ஆர்டர். சாம்பிள் பார்க்கிறார். என் ரூம்ல தொட்டி பாசி புடிச்சுக் கெடக்கு. நீதான் நிதானமான ஆளு. சுத்தம் பண்ணிடு."

"சரிங்க சார்."

"மீனு மிரளக் கூடாது. மிரண்டா நாலு நாள்ல செத்துடும். ஏழும் ஏழா இருந்தா, சாயந்திரமே உன் பேரை பெர்மனென்ட்டுக்கு எழுதி அனுப்புறேன்."

எனக்குக் காதில் நாதஸ்வரம் கேட்டது.

மீன் விற்ற கடைக்காரர் எழுதிக்கொடுத்த ஒரு தாளையும் மேனேஜர் நீட்டினார். அதைப் பதினோரு முறை படித்தேன். வலையால் துரத்தாதே. பழைய தண்ணீரை முழுவதும் கொட்டாதே. புதுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து ஆறவிடு. சுத்தம் செய்து முடியும்வரை வாயகன்ற, வழவழப்பான பாத்திரத்தில், இருட்டில், சத்தமில்லாமல் வை. சோப்புப் பட்ட பாத்திரம் ஆகாது.

ஆறவிட்ட தண்ணீர் முதல் நாளே பிடித்து இரண்டு வாளிகளில் தயாராக இருந்தது. தொட்டியின் பழைய தண்ணீரில் ஒரு வாளி எடுத்து வைத்தேன். ஆபீசில் இருந்ததே மூன்று வாளி. மூன்றும் தண்ணீருக்குப் போய்விட்டன. மீனுக்குப் பாத்திரம்? இரும்புப் பீப்பாய் துரு. ஊறுகாய் ஜாடிக்கு வாய் குறுகல். ஏழு டீ கப்பில் ஆளுக்கொன்றாக விடலாமா என்றுகூட யோசித்தேன் (திரும்ப முடியாமல் மிரளும்). அப்போதுதான் பக்கத்துச் சாம்பிள் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தேன். பெஞ்சின் மேல், வெள்ளைத் துணி மூடி, அது.

வாயகன்றது. கண்ணாடிபோல வழவழப்பு. சோப்பு அறியாதது. அறையும் இருட்டு, அமைதி. கடைக்காரர் அதை மனதில் வைத்தே எழுதியிருப்பாரோ என்று தோன்றியது.

என்னை முழு முட்டாள் என்று முடிவு செய்யுமுன் ஒன்றைக் கேளுங்கள். மாதம் நூற்றுக்கணக்கில் அந்தக் கோப்பைகளை எண்ணியவன் நான். ஒன்றில்கூட உட்கார்ந்தவன் இல்லை. எங்கள் ஊரில் அன்று யார் உட்கார்ந்தார்கள்? சூளையில் கோணிப்போன கோப்பைகளை ஆளாளுக்கு எடுத்துப்போவார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதில் ரோஜாச் செடி, இன்னொரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர். பின்பக்கம் நீட்டியிருக்கும் குழாயில் களிமண்ணை அடைத்துவிட்டால் தொட்டி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

குழாயில் களிமண்ணை அடைத்தேன். தொட்டித் தண்ணீரைப் பதினான்கு சொம்பு ஊற்றினேன். மீன்களை ஒவ்வொன்றாகக் கப்பில் ஏந்திக் கொண்டுபோய் விட்டேன். ஏழு. துணியால் மூடினேன். நுனிக்காலில் வெளியே வந்தேன். தொட்டியைத் தேய்த்து, அடியில் கிடந்த கூழாங்கற்கள் நூற்று நாற்பத்து மூன்றையும் கழுவிப் போட்டேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

திரும்பி வந்து துணியை விலக்கினேன்.

பூஜ்யம்.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். பூஜ்யத்தை எத்தனை முறை எண்ணினாலும் பூஜ்யம்தான்.

நான் போட்ட சத்தத்தில் பூச்சுப் பிரிவில் வேலை செய்யும் பிலோமினா அக்கா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா தம்பி, படிச்ச புள்ள! அடியில பொந்து இருக்குதே, அது எங்க போவுதுன்னு நெனச்ச?"

"சும்மா ஒரு குழின்னு..."

"அது உள்ளாற வளைஞ்சு, மேல ஏறி, மறுபடி எறங்குது. நான்தான உள்ள பூச்சு ஊத்துறேன், எனக்குத் தெரியாதா? இருட்டு கெடைச்சுதுன்னு ஏழும் சொகமா உள்ள பூந்துடுச்சிங்க."

பொரி தூவினேன். வரவில்லை. விரலால் தண்ணீரைத் தட்டிக் கெஞ்சினேன். வரவில்லை. அக்கா, "மண்ணைப் புடுங்கு, தானா வரும்" என்றார். "ஐயோ அக்கா, விழுந்தா மிரளும்!" என்றேன். "நீ மிரளுறதுல பாதிகூட அதுங்க மிரளாது" என்றார். இப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் சத்தம். மெட்ராஸ் ரயில் அன்று பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டது.

முதலில் மேனேஜர் வந்தார், என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தபடி, "தொட்டி காலியா இருக்கு. மீனு எங்கய்யா?" என்றார்.

"உள்ளங்க சார்."

"எதுக்குள்ள?"

நான் காட்டினேன். அவர் முகம் சூளையில் ஏற்றாத பச்சைக் களிமண் நிறத்துக்குப் போனது. அதற்குள் பின்னாலேயே வந்த ஆபீசர் துணியை முழுவதும் விலக்கிவிட்டார்.

"என்ன சார் இது? சாம்பிள்லயே அடைச்சிக்கிட்டுத் தண்ணி நிக்குது? இதையா ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறீங்க?"

மேனேஜர் மெல்ல என் பின்னால் நகர்ந்தார். ஆர்டர் போயிற்று, வேலை போயிற்று, வேப்பூர் போயிற்று. நான் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

"அடைப்பு இல்லீங்க சார். மீனுங்க. ஏழு."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து பொந்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் என்பேன் நான். மூன்று நொடிதான் என்பார் பிலோமினா அக்கா. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தண்ணி கொண்டாங்கய்யா!"

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா. கழுவிய கண்ணாடித் தொட்டியை முக்காலியில் வைத்துப் பின்குழாய்க்கு அடியில் தள்ளினோம். மேனேஜர், வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி குந்தினார். அக்கா களிமண்ணைப் பிடுங்கினார். குபீர் என்று பாய்ந்த தண்ணீரோடு ஒன்று, இரண்டு, மூன்று!

"நாலு!" என்று ஆபீசர் கத்தினார்.

"இல்லீங்க சார், அது களிமண்ணு. மூணுதான்" என்றேன். (அந்த நிலையிலும் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.)

பழைய தண்ணீர் வாளியை அக்கா ஊற்றினார். நான்கு, ஐந்து. இரண்டாவது வாளியில் ஆறு. அதோடு நின்றுவிட்டது. குழாய் சொட்டியது. தொட்டிக்கு மேலே மேனேஜர் முகம், கண்ணில் தண்ணீர்.

"சின்னதுய்யா. கடைசியா வாங்கினது" என்றார்.

மூன்றாவது வாளியை ஆபீசரே தூக்கினார்.

"சார், மெதுவாங்க, மிரண்டுடும்!"

"யோவ், மெதுவா ஊத்தினா அது டெஸ்ட்டே இல்லய்யா!"

மொத்தமாகக் கவிழ்த்தார். கோப்பை ஒரு முறை கனைத்தது. ஏழாவது மீன் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்து வந்து, மேனேஜரின் மார்பில் மோதி, தொட்டியில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு பொரியைத் தின்றது.

"ஏழு!" நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். ஆபீசர் என் தோளைத் தட்டினார். பிறகு தொட்டியருகே குந்தி, ஒவ்வொரு மீனாகப் பார்த்தார்.

"ஒரு செதில்கூட உரியல. உள்ள பூச்சு அவ்வளவு வழவழன்னு இருக்கு. யாரு ஊத்தினது?"

"நான்தாங்க" என்று பிலோமினா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆர்டர் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

சாயந்திரம் மேனேஜர் என் தாளில் கையெழுத்துப் போட்டார். "ஏழும் ஏழா இருக்கு. சொன்னது சொன்னதுதான். ஆனா இனிமே என் ரூம் பக்கம் எட்டிப் பார்க்காத" என்றார். நான்கு நாள் கழித்தும் மீன்கள் ஏழுதான். நான்தான் அந்த நான்கு நாளும் சாப்பிடவில்லை.

என்னைப் பற்றி விசாரிக்கப் பெண்ணின் அப்பா ஆலை வாசலுக்கு வந்தார். "கக்கூஸுல மீனு வுட்டாரே, அவருங்களா? தங்கமான ஆளுங்க" என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அப்பா அதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்ல, பெண் சிரித்த சிரிப்பில் தட்டு மாற்றிக்கொள்ள நாள் குறித்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு மூட்டு வலி. டாக்டர் சொல்லி, வீட்டில் அதே மாதிரி வெஸ்டர்ன் கோப்பை ஒன்று வைத்திருக்கிறோம். தினமும் உள்ளே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். இதுவரை பூஜ்யம். பத்து நிமிடம் தாண்டினால் போதும், அந்த வேப்பூர்ப் பெண் வெளியே வந்து நின்று, பேரப்பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரிக் கதவைத் தட்டுவாள்:

"என்னாங்க, எத்தனை வந்துச்சு? மூணாவது வாளி கொண்டாரட்டா?"