தற்செயலுக்கு ஓர் அட்டவணை

தற்செயலை ஏற்பாடு செய்வது போலக் கடினமான வேலை உலகத்தில் இல்லை. தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு குடும்பங்களை, எதிர்பாராமல் பார்த்துக்கொண்டது போலப் பார்த்துக்கொள்ள வைக்க முடியாது. எனக்குத் தெரியும். நான் அதற்கு அட்டவணை போட்டவள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிற பொறியாளர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்ப்கூட வெளியே போகாது. (இந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பாள் பிருந்தா அக்கா.)

அக்காவைப் பெண் பார்க்கப் பழனியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அதுவரை மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. மூன்றும் பஜ்ஜி தின்றுவிட்டு, "போன் பண்ணிச் சொல்றோம்" என்று போயின. அந்தப் போன்கள் இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கின்றன போல. நான்காவதாகக் கன்னிவாடியிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் வரன் வந்தது. பெயர் முத்துக்குமார்.

"எவன் முன்னாலயும் இனிமே தட்டோட நிக்க மாட்டேன். இதுதான் கடைசி. இதுவும் அமையலைன்னா கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அம்மா ஜன்னல் வழியாக மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

என் யோசனை இதுதான். இரண்டு வீட்டாரும் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறோம். ஏரிக்கரைப் பூங்காவில், கண்ணாடி வீட்டுக்கு முன்னால், தற்செயலாகச் சந்திக்கிறோம். அப்பா, "அடடே, நீங்களும் டூரா?" என்பார். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் சுற்றுலா. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. அடுத்து படகு, பிறகு ஏரியைச் சுற்றி நடை. இடையூறுகளுக்குத் தனிப் பத்தி: குரங்கு, மழை, அப்பா. அடியில் கொட்டை எழுத்தில், "பூங்காவுக்கு முன்னால் யாரும் யாரையும் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ளக் கூடாது." இதைப் பிடிஎஃப் ஆக்கி மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பிவைத்தேன்.

வெள்ளனே கிளம்பினோம். வழி முழுக்க அப்பா "அடடே"யைப் பல ராகங்களில் சொல்லிப் பார்த்தார். வளைவுகளில் அம்மாவுக்குக் குமட்டியது. பெருமாள்மலையில் காரை நிறுத்தினோம்.

பழனியிலிருந்து நாங்கள் ஏறுகிற ரோடும் கன்னிவாடிக்காரர்கள் வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற ரோடும் பெருமாள்மலையில்தான் சேருகின்றன என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அட்டவணை போட்டவளுக்குத் தோன்றவில்லை. டீக்கடை வாசலில் அம்மா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் முகத்துக்கு நேராக ஓர் எலுமிச்சம்பழம் நீண்டது.

"மோந்து பாருங்க, சரியாப் போயிரும்."

அம்மா நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா.

அந்தம்மாவின் முகம் வாட்ஸ்அப்பில் எங்களுக்கு மனப்பாடம். அவருக்கும் எங்களுடையது அப்படித்தான். நான் காருக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"ரொம்ப நன்றிங்க. எந்த ஊருங்க?" என்றாள் அம்மா.

"கன்னிவாடிங்க. நீங்க?"

"பழனிங்க."

"அப்படீங்களா! நல்ல ஊருங்க."

(ஒருவருக்கொருவர் ஜாதகம்வரை தெரியும்.) அக்கா பிஸ்கட் பாட்டிலை ஆராய்ந்தாள். குரங்குக் குல்லா போட்டிருந்த மாப்பிள்ளை சுவரிலிருந்த பஸ் நேரத்தைப் படித்தார். அப்பாவுக்கு மட்டும் அடக்க முடியவில்லை. "அடடே..." என்று ஆரம்பித்தவர், என் முறைப்பைப் பார்த்ததும் டீ மாஸ்டர் பக்கம் திரும்பி, "டீ பிரமாதம்!" என்றார். டீ இன்னும் வந்திருக்கவில்லை.

பூங்காவில் கண்ணாடி வீட்டுக்கு முன்னால் காத்திருந்தோம். அவர்களும் காத்திருந்தார்கள், மறுபக்க வாசலுக்கு முன்னால். எது முன்பக்கம் என்று நான் எழுதவில்லை. நடுவே காடு மாதிரி செடிகள். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா "அடடே, நீங்களும் டூரா?" என்று பாய்ந்தார். தேனிலவுக்கு வந்திருந்த ஒரு ஜோடி, "ஆமாங்க" என்று சொல்லி அவர் கையில் கேமராவைக் கொடுத்தது. அரைமணி நேரம் அவர்களைப் படம் எடுத்தார்.

"அவங்களுக்குப் பிடிக்கலை போல. நம்மளப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. துப்பட்டா நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பிடிஎஃபைத் திறந்து பார்த்தேன். அட்டவணையில் அடுத்த வரி படகு. வேறென்ன செய்ய, அதைச் செய்தோம்.

மிதிபடகில் அக்காவும் நானும் முன்னால், அப்பாவும் அம்மாவும் பின்னால். ஏரி நடுவுக்குப் போனதும் மேகம் இறங்கியது. கரை, மரம், மற்ற படகுகள் எதுவுமே தெரியவில்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பார்வை இல்லாத இடத்தில் வாய் நீளும்.

"அந்தம்மா நல்ல மாதிரி. பழம் குடுத்துச்சே. அந்தப் பையனுக்குத்தான் எதுக்கு அந்தக் குரங்குக் குல்லா?" என்றாள் அம்மா.

"போட்டோவுல ஹெல்மெட்டு, நேர்ல குல்லா. உள்ள முடி இருக்கோ இல்லையோ" என்றாள் அக்கா.

மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"முடி இருக்குங்க."

அம்மா என் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"பேசாம இருடா! நாம இன்னும் அவங்களைப் பாக்கலை!" என்றது எலுமிச்சம்பழக் குரல்.

அக்கா சிரித்தாள். மூன்று பஜ்ஜித் தட்டுகளிலும் பார்க்காத சிரிப்பு, தோள் குலுங்க. "இருந்தா கழட்டிக் காட்டுங்களேன்" என்றாள்.

"கழட்டுனாத் தெரியாதுங்க. மேகமாக் கெடக்கு. ஆமா, அந்த அட்டவணை அனுப்புனது நீங்களா?"

"என் தங்கச்சி."

"நல்லவேளைங்க. நான் பயந்தே போயிட்டேன்."

"நாங்க அவ பொறந்ததுல இருந்தே பயந்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

படகோடு படகு மோதியது. கை எட்டும் தூரத்தில் ஒரு குல்லா தெரிந்தது. காலையிலிருந்து காத்திருந்த அப்பா, இனித் தாங்காது என்று எழுந்து நின்று, கை கூப்பி, "அடடே! நீங்களும் டூரா?" என்றார். படகு சாய்ந்தது. விழாமலிருக்க அப்பா கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது குல்லா. அப்பா தப்பித்தார், குல்லா ஏரிக்குள் போனது.

மாப்பிள்ளையின் தலைமுடி கோரைப்புல் மாதிரி குத்திட்டு நின்றது.

அக்கா நிதானமாகப் பார்த்தாள். "இருக்கும்மா" என்றாள் அம்மாவிடம்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். இன்றைக்கும் கன்னிவாடி வீட்டுக் கதவை நான் தட்டினால், முத்துக்குமார் மாமா பாதிதான் திறப்பார். "எந்த ஊருங்க?" "பழனிங்க." "நல்ல ஊருங்க." அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவார்.

இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஏற்பாடு முழுக்க அக்காவும் மாமாவும். விவரம் கேட்டால், "ஒஞ் சோலியப் பாரு" என்கிறாள் அக்கா. போன வாரம் லீவில் வந்து, அடிவாரத்தில் அப்பாவின் பூஜைச் சாமான் கடையில் ஊதுபத்தி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் உள்ளே வந்து சூடம் விலை கேட்டது. கூட வந்த பையன் சுவரில் தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

கல்லாவில் இருந்த அப்பா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அடடே..."