கரடியாருக்கு ஆழ்ந்த இரங்கல்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் பக்கத்துக் குகையில், ஒரு கரடியார் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவராகவே எழுதி, 'வனமுகம்' என்ற குழுவில் தினமும் போடுவார். பெரும்பாலும் நிலாவைப் பற்றித்தான்.

போட்ட மறுநொடியே "அருமை கவிஞரே", "செம" என்று கமெண்டுகள் வந்து விழும். தலைப்பைப் படிக்கவே அதைவிட நேரமாகும் என்பது கரடியாருக்கு ஏனோ உறைக்கவில்லை. புகழ்ச்சி வரும்போது யாருக்குத்தான் உறைத்திருக்கிறது?

அவருக்கு ஒரே தலைவலி, ஒத்தக்கொம்பன் என்ற ஐடி. ப்ரொஃபைல் படத்தில் பெரிய தந்தம். (ஆள் முயலளவே உள்ள சருகுமான். காட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.) "மூணாவது வரியில நிலா அழுவுது, ஏழாவது வரியில சிரிக்குது. அதுக்கு என்ன வியாதி?" என்று கேட்கும். கரடியாருக்கு அன்றைக்குத் தேனும் தொண்டையில் இறங்காது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அந்த ஐடியை பிளாக் செய்துவிட்டார். நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் முயல்கள் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. நெகிழ்ச்சியில் அவர் கண்ணை மூடிய நேரம் பார்த்து யாரோ படமெடுத்துவிட்டார்கள். கரடியார் அதையே குழுவில் போட்டு, கீழே விழா விவரத்தை நீளமாக எழுதினார்.

எழுதியதை யார் படித்தார்கள்? படத்தை மட்டும் பார்த்த காட்டெருமை முதல் கமெண்ட் போட்டது: "ஆழ்ந்த இரங்கல்." அடுத்து வந்தவர்கள் அந்தக் கமெண்டைப் பார்த்தார்கள். "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றது மயில். "நேத்துகூட சிரிச்சுப் பேசினாரே" என்றது, அவரோடு ஒருநாளும் பேசியிராத மான். காட்டுப்பன்றி மட்டும் காரியத்தில் கண்ணாக, "குகை காலியா?" என்று கேட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், கரடியாருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உயிரோடிருந்தபோது ஒருவரும் அவரைப் பற்றி இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. எல்லா இரங்கலுக்கும் ஒரு லைக் போட்டுவிட்டுத்தான், "நான் சாகவில்லை" என்று எழுதினார்.

"செத்தவர் பேர்ல விளையாடுறியே, வெக்கமாயில்ல?" என்று அட்மின் யானை அவரைக் குழுவிலிருந்தே நீக்கியது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. காட்டுப்பன்றி குட்டிகளோடு குகையில் வந்து இறங்கியது.

"இது என் குகைங்க!"

"நீங்க அவரோட தம்பிங்களா? அப்படியே அண்ணன் ஜாடை. மனசைத் தேத்திக்குங்க."

"நான் உயிரோட இருக்கேன்யா!"

"இருக்காருங்க. நம்ம எல்லார் மனசுலயும் இருக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, காட்டுப்பன்றி நடுக்குகையில் படுத்துக்கொண்டது.

நனைந்தபடி பாறையில் ஏறிய கரடியார், மானத்தை விட்டு ஒத்தக்கொம்பனை அன்பிளாக் செய்தார். "ஐயா, என்னைக் கொஞ்சம் திட்டணும்."

"பிளாக் பண்ணினீங்கல்ல?" கோபம் இன்னும் ஆறவில்லை.

"புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன். இப்பத்தான் ஒண்ணு எழுதினேன். பாருங்க."

சருகுமான் அதை வரி விடாமல் படித்தது. பிறகு கவிதையைக் குழுவில் போட்டு எழுதியது: "இது இன்னிக்கு மழையில எழுதினது. கொட்டுற மழையிலயும் நிலாவைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். இந்தத் துணிச்சல் அந்த ஆளுக்கு மட்டும்தான் வரும். ஆள் உயிரோடதான் இருக்கான். எழுத்துதான் செத்துக்கிடக்கு."

காடு உடனே நம்பிவிட்டது. "ஒத்தக்கொம்பன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவர்தானே படிக்கிறவர்" என்றார்கள். அட்மின் யானை கரடியாரைத் திரும்பவும் குழுவில் சேர்த்தது. காட்டுப்பன்றி முணுமுணுத்துக்கொண்டே குகையைக் காலி செய்தது. மான் மட்டும், தான் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது என்று சண்டைக்கு வந்தது.

கரடியார் ஈரம் சொட்டச் சொட்டக் குகைக்குள் உட்கார்ந்து, தன்னைத் திட்டிய கமெண்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். இத்தனை நாளும் தன்னைப் படித்தது இந்த ஒரு ஜீவன்தான் என்று புரிந்தபோது அவருக்கு அழுகையாக வந்தது.

நீதி: திட்டுகிறவரை பிளாக் செய்யாதீர்கள், நீங்கள் உயிரோடிருப்பதற்கு அவரை விட்டால் சாட்சியில்லை. பாராட்டுகிறவர்களை வேண்டுமானால் செய்துகொள்ளலாம். அவர்களுக்குத் தெரியவே போவதில்லை.