வேம்பு இங்கிலீஷ் பரீட்சை புகு படலம்

வாழ்க வேம்பு! திருவொற்றியூர்க் கன்டெய்னர் யார்டின் வெங்கொடும் வெயிலை ஆண்டு பலவாய்த் தலையில் தாங்கிய தகைமையோன், லாரிப்படை வரவு நோக்கி வாயில் காத்த வன்தோளன், செம்புழுதியே சந்தனமாய்ப் பூசிய பொன்மேனியன்! அன்னவன் புகழ் பாட, எண்ணூர்க் கடற்காற்றே, நிலக்கரித் தூளைச் சற்றே உதறிவிட்டு என் நாவில் வந்து அமர்க!

ஏ.சி. அறையில் சூப்பர்வைசர் அரியணை ஒன்று காலியாயிற்று. அதை விழைவோர் அடிப்படை ஆங்கில இலக்கணத்தில் பத்து வினாக்களை வென்று வருக என மேலாளர் ஜானட் முரசறைந்தார். "இந்த தபாவாச்சும் நெழல்ல குந்துய்யா" என்று மனைவி வரலட்சுமி நெற்றியில் நீறிட்டு விடைகொடுத்தாள். வேம்புவுக்கு அந்த நிழல் உண்மையிலேயே வேண்டியிருந்தது.

தேர்வறைச் சுவரின் டி.வி.யில் வினாப்படை எழுந்தது. ஒவ்வொரு வினாவையும் நான்கு விடைகள் சூழ்ந்து நின்று மயக்கின. முதல் மூன்றைத் தன் சொந்தப் பேனாவால் வீழ்த்திய மாவீரன், நான்காவதைக் கண்டதும் சன்னலை நோக்கினான். ஆங்கே, "கவலப்படாத மாமு, நான் கீறேன்!" என்று காலையில் டீக்கடையில் சூளுரைத்த ஆருயிர்த் தோழன், கிரேனுக்குச் சைகை காட்டும் லட்சுமணன், ஆரஞ்சுக் கவசம் பூண்டு டி.வி.யை உற்றுநோக்கி நின்றான். கை மேலே போனால் முதல் விடை, கீழே போனால் இரண்டாவது, இடமும் வலமும் மற்ற இரண்டு என்பது அவர்கள் உடன்படிக்கை.

உயர்ந்தது கை! தாழ்ந்தது கை! இடம் வீசி வலம் சுழன்றது வீரக் கை! வேம்புவும் விடாது குறித்தான். ஆனால் அந்தோ, வானுயர் கூண்டில் வீற்றிருந்த கிரேன் ஓட்டி ஸ்டானிஸ்லாஸ், சைகை கண்டால் மறுபேச்சறியாக் கடமைக் குரிசில், ஒவ்வொரு சைகைக்கும் ஏற்ப ஒரே இரும்புப் பெட்டியைத் தூக்கி, நகர்த்தி, பத்தாம் விடைக்கான கீழ்ச்சைகை கண்டதும், தேர்வறைக் கதவும் சன்னலும் மறைய அதை அலுங்காமல் இறக்கிவைத்தான்.

பட்டப்பகலில் அறை இருண்டது. "எவன்டா வாசல்ல பெட்டிய வெச்சது?" என்று ஜானட் இடியென முழங்கினார்.

பெட்டி அகன்றது, விடைத்தாள் திருத்தப்பட்டது. வேம்பு தானாக எழுதிய மூன்றும் சரி. தோழன் கை காட்டிய ஏழும் தவறு. அரியணை வேறொருவனுக்குப் போயிற்று. உள்ளம் உடைந்த வேம்பு, தோழனின் கவசத்தைப் பற்றி உலுக்கி, "இன்னாடா காட்டின நீ?" என்று கர்ஜித்தான்.

லட்சுமணனுக்கு இங்கிலீஷ் தெரியாதாம்.