நால்வரும் சேர்ந்து போட்ட கையெழுத்து

ராயபுரம்,
திங்கட்கிழமை.

பாசமுள்ள ரெஜினா அக்காவுக்கு, தம்பி வேதமாணிக்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் இருக்கும் உன் மகள் ஜெபாவின் காதில் விழும் என்பதால் தபாலில் போடுகிறேன்.

நான் பயிற்சி கொடுக்கும் கம்பெனி நீச்சல் அணியில் நான்கு பெண்கள், சம்பளம் வாங்கி நீந்துகிறவர்கள். தொடர் நீச்சலில் ஒருத்தி வந்து சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவள் குதிக்க வேண்டும். ஜெபா இரண்டாவது, நெட்டுக்குப்பத்து எழில்மொழி மூன்றாவது. வருகிறவளைப் பார்த்தால்தானே அக்கா குதிக்க நேரம் தெரியும்? எழில்மொழி இவளைப் பார்ப்பதே இல்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும் உன் மகள், "கால உதைக்கியா, இல்ல தண்ணியத் தடவிக் குடுக்கியா?" என்று அவளைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஜனவரிப் போட்டியில் கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் முன்கூட்டிக் குதிக்க, எங்களைத் தகுதி நீக்கம் செய்தார்கள். தேசியப் போட்டிக்கான தேர்விலும் தேறாவிட்டால் அணியையே கலைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

ஒற்றுமை வளர்க்க அவரே ஓர் ஆளைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் இருவர் கையையும் ஒரே கயிற்றில் கட்டி நடக்கச் சொல்ல, இவள் கிழக்கே இழுக்க, அவள் மேற்கே இழுக்க, நடுவில் நின்ற அவர் தடுக்கி விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். சரி, சேர்ந்து சாப்பிட்டால் மனசு இளகும் என்று நான் காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வீட்டிலேயே சமைக்கச் சொன்னேன். குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாமா கூடாதா என்று தொடங்கி, கடைசியில் இரண்டு சட்டியில் இரண்டு குழம்பு. மற்ற இருவரும் எதைத் தொட்டாலும் வம்பு என்று தயிர்சோறு தின்றார்கள். இரண்டையும் பாராட்டிப் பாராட்டிச் சாப்பிட்டதில் என் வயிறு மூணு நாள் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜர் ஒரு மனுவைக் காட்டினார். பயிற்சியாளர் கரையில் ஓடி ஓடிக் கத்துவதால் கவனம் சிதறுகிறது, போட்டியன்று அவரை மேலே பார்வையாளர் வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று இருந்தது. கீழே நான்கு கையெழுத்து. எழில்மொழி சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவள் உன் மகள். ஆறு மாசமாக நான் தலைகீழாக நின்றும் வராத ஒற்றுமை, என்னை விரட்டுவதற்கு ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டது.

நேற்று அந்தத் தேர்வுப் போட்டி. நான் மேலே, யாரோ ஒருவருடைய மாமியாருக்குப் பக்கத்தில். எழில்மொழி ஜெபாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இவள் விரல் சுவரில் பட்டதும் பாய்ந்தாள். முதலிடம். நால்வரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் பக்கம் ஒருத்தியும் திரும்பலை அக்கா. பதினெட்டு வருஷம் குளோரின் தண்ணிப் பக்கத்துல நின்னு கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம். ராஜினாமா எழுதிவிட்டேன். நீ உடனே உன் மகளைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டுக்கொள். நானும் வந்து அத்தான் கடையில் உட்காருகிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும். கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக.

தம்பி,
வேதமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் எழில்மொழி வந்தாள். ஜெபாவும் அவளுமாக என் முன்னால் நின்றார்கள். "நீங்க தனியா மேல குந்திகினு இருந்தத பாத்து எங்களுக்குப் பேஜாராப் பூட்ச்சி சார். தேசியப் போட்டிக்கு எங்க பக்கத்துலயே நில்லுங்க. வாய மட்டும் தொறக்காதீங்க" என்றாள் எழில்மொழி. ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஜெபாவைக் கூப்பிட வேண்டாம், நானும் வரவில்லை. ஒன்று மட்டும் அத்தானிடம் கேட்டு எழுது: வாயைத் திறக்காமல் நிற்பது எப்படி? உன்னோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாமலா இருக்கும்.