வேப்பஞ்சேலை கட்டிய கும்மிடி சிங்கம்

வாய்க்கொழுப்பால் கெட்டவர்களை ஊரில் நிறைய பார்த்திருப்பீர்கள். விரல் கொழுப்பால் கெட்டவன் நான்.

அப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்ததும் நாஷ்டாவைக்கூட மறந்து பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன். அமெரிக்காவில் இரவு நடக்கும் பேஸ்கட்பால் ஆட்டம் நமக்குக் காலையில். படமெல்லாம் தெரியாது, ஸ்கோர் மட்டும் மாறும், பக்கத்தில் சாட் ரூமில் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். (என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வாழ்நாளில் ஒரே ஒரு கூடை போட்டிருக்கிறேன், அதுவும் எதிரணிக்கு.) ஆனாலும் அங்கே என் பெயர் ‘கும்மிடி சிங்கம்’.

என் பரம எதிரி ‘அத்திப்பட்டு அனல்’. அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர் என்று சொல்லிக்கொள்வான். நேரில் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்கள் நடுவே நாங்கள் இருவரும் ஆங்கில எழுத்தில் தமிழ் வசவுகளைப் பொழிவோம்.

இறுதி ஆட்டம். கடைசி ஐந்து நிமிடத்தில் என் அணி பதிமூன்று பாயிண்ட் பின்னால். அனல் சாட்டிலேயே எழுத்துகளால் ஒரு மலர்வளையம் கட்டி எனக்கு அனுப்பினான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. எங்கள் ஆட்கள் ஜெயித்தால், பெரியபாளையத்தம்மன் சாட்சியாக, ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று அடித்துவிட்டேன். உடம்பெல்லாம் வேப்பிலையை உடுத்தி வலம் வருகிற அந்த வேண்டுதலை, எங்கள் பக்கம் உயிர் போகிற காய்ச்சலுக்குத்தான் வைப்பார்கள்.

ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். நாற்காலிமேல் ஏறி நின்று நான் போட்ட கூச்சலில், சென்டர்காரர் என்னை வெளியே அனுப்பினார். மகிழ்ச்சியாகத்தான் போனேன்.

மறுநாளே அனல், சேலை எப்போது என்று கேட்டான். சும்மா சொன்னேன் என்று மழுப்பினேன். “என்னாண்ட சும்மான்னு சொல்லிக்கோ. ஆத்தாகிட்ட சொல்லிப் பாரு” என்று எழுதினான்.

உடனே காலண்டரில் ஆடி ஞாயிறைத் தேடி, அனலுக்கும் தேதியை எழுதிப் போட்டேன். ஏனென்றால் பொன்னேரிப் பெண் ஒருத்தியை எனக்குப் பேசி, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. சாமி கோபத்தில் கல்யாணம் நின்றுபோனால்?

ஆடி ஞாயிறு. டவுசர்மேல் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, யாரும் பார்க்கக் கூடாதென்று குனிந்தபடியே நடந்தேன். இரண்டாவது சுற்றில், கேமராவோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர் வழி மறித்தார். குனிந்தே நடக்கிறவர் நீங்கள் ஒருவர்தான், கும்மிடி சிங்கம்தானே என்றார். அனலுக்கு ஐம்பது வயது இருக்கும். இவரையா நான் ‘பொடிப்பயலே’ என்று திட்டினேன் என்று கூசிப்போனேன்.

அவர் கேமராவைத் தூக்கிய நேரம் பார்த்து, பொங்கல் வைக்க வந்திருந்த என் வருங்கால மாமியார் எதிரே வந்துவிட்டார். பின்னால் அவள். என்னை மேலும் கீழும் பார்த்த மாமியாரின் கண் கலங்கியது.

“இன்னா மாப்ள, எம் பொண்ணு கெடைக்கணும்னா இத்த வேண்டிக்கினீங்க?”

அமெரிக்காக்காரன் ஜெயிப்பதற்காக என்று எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்தேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு அனல் பக்கம் திரும்பி, நீங்கள் யாரென்று விசாரித்தார். என் மானம் இனி அந்த மனிதர் கையில்.

“ஃபிரெண்டும்மா. இவரு வேண்டிக்கினப்போ நான் கூடவே இருந்தேன். அப்பிடியே துடிச்சிப் போயிட்டாரு” என்றார் அனல், முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்றே பொன்னேரி முழுக்க என் புகழ் பரவியது. இப்படியொரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று பேசிக்கொண்டார்களாம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதையோடு, பூசாரிக்குத் தரும் மரியாதையும் சேர்ந்து கிடைத்தது. பந்தியின் முன்வரிசையில் அனல் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான ஒரு மாதத்தில், மனசு கேட்காமல் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். பிறகு, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள்.

நமக்குள்ளேயேதான் இருக்கிறது. மாமியார் வீட்டு ஹாலில், அனல் எடுத்த, வேப்பிலை கட்டிய என் படம் இன்றும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையானாலும், மனைவி சத்தம் போடுவதே இல்லை. “அம்மாக்கு ஒரு போன் போடட்டா?” என்பாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். போன வாரம் என் மகளும், “பாட்டிக்கு ஒரு போன் போடட்டா?” என்றாள். டிவி ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன்.