மூன்றாம் படி நிறுத்தம்

பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவதற்கென்றே அமெரிக்காவின் ஈரி நகரத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே படுக்கை கிடைக்க வேண்டுமானால் நோயாளிக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்யும் தெம்பு இருக்க வேண்டும் என்பது அரசுக் காப்பீட்டின் விதி. அவ்வளவு தெம்பு உள்ளவருக்குப் படுக்கை எதற்கு என்று விதி கேட்கவில்லை. கேட்பது விதியின் வேலையும் அல்ல.

ஆர்வில் ட்ரெஸ்லர் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துவார். ஒரு சக்கரம்கூடத் தாண்டாது. இப்போது இடது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அவர் வீட்டு வாசலுக்கு ஆறு படி. ஏறி இறங்கத் தெரிந்தால் மனைவி லோர்னாவிடம் போகலாம். தெரியாவிட்டால் முதியோர் இல்லம்.

பயிற்சியாளர் ஜனெல் நல்ல பெண். லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தும்போது முகமும் லட்சணமாக இருக்கும். ஆர்வில் கழிப்பறைக்குத் தனியாகப் போனால் அது மூன்று மணிக் கணக்கில் சேராது, நேரம் வீண். ஏன் வீணானது என்று ஜனெல் காரணம் எழுத வேண்டும். ஜனெல் கூட நின்று பார்த்துத் தட்டச்சினால் அதுவே சிகிச்சை.

"கண்ணு, கொஞ்சம் திரும்பிக்கோயேன்."

"திரும்பிட்டா நான் பார்த்ததா எப்படி எழுதறது, ஆர்வில்?"

ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி அறையில் பழகுவதற்கென்று வைத்திருந்த ஆறு படியையும் ஆர்வில் ஏறிவிட்டார். மேலே நின்று ஆரவாரத்தை எதிர்பார்த்தார். ஜனெல் முகம் வெளுத்தது.

"ஐயோ, யாராவது பார்த்தாங்களா?"

அவருக்கு இறங்கத் தெரியவில்லை. இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அதற்குள் ஆவண ஒருங்கிணைப்பாளர் திருமதி ப்ரூயிட் வந்துவிட்டார்.

"மிஸ்டர் ட்ரெஸ்லர், முழுசா ஏறிட்டீங்கன்னா உங்களுக்கு இந்த ஆஸ்பத்திரி தேவை இல்லன்னு அர்த்தம். நாளைக்கே அனுப்பிடுவாங்க."

"எனக்கு இறங்கத் தெரியாதேம்மா!"

"இறங்கறது அடுத்த வார இலக்கு. இந்த வாரத்துல அது இல்ல."

"சரி, இனிமே ஏறல."

"ஏறலன்னா முன்னேற்றம் இல்ல. அதுக்கும் நாளைக்கே அனுப்பிடுவாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

வாராந்தரக் குழுக் கூட்டம் இதே கேள்வியை முறைப்படி பரிசீலித்தது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோரும் வந்திருந்தார்கள். நோயாளியைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. 'நியாயமான எதிர்பார்ப்புக்குரிய, ஆயினும் நிறைவுறாத முன்னேற்றம்' மூன்றாம் படியில் அமைந்துள்ளதாக ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

அன்று முதல் ஆர்வில் மூன்றாம் படியில் நின்றார். ஜனெல் எழுதி முடித்துத் தலையாட்டியதும் இறங்கினார். தினமும் இறங்கியதால் இறங்குவதில் கெட்டிக்காரராகிவிட்டார். அவருடைய கோப்பைப் பார்த்துவிட்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி, "நோயாளின்னா இப்படி இருக்கணும்" என்றார்.

காப்பீடு அனுமதித்த நாட்கள் முடிந்ததும், ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் காரை நிறுத்தி, தீயணைப்பு நிலையத்தில் நிதி திரட்ட வெள்ளிதோறும் விற்கும் பொரித்த மீன் பொட்டலத்தை லோர்னா மேல்படியில் வைத்தாள். கதவைத் திறக்காமலே அவரைப் பிடித்துக்கொள்ளக் கீழே ஓடி வந்தாள். ஆர்வில் மூன்று படி ஏறினார். நின்றார்.

"என்ன ஆச்சு, கிழவா? ஏறு!"

"கால் வர மாட்டேங்குது, லோர்னா."

திரும்பி அழகாக இறங்கி காரில் போய் உட்கார்ந்தார். லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"மூணாவது படியிலயா?" திருமதி ப்ரூயிட்டின் குரலில் மகிழ்ச்சி பொங்கியது. "அப்ப மறுபடி சேர்த்துக்கத் தகுதி இருக்கு!"

அங்கே ஜனெல் அவரிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "லோர்னா, நீங்க பக்கத்துல நின்னு எதையாவது எழுதுங்க, மூணாவது படியில மேல போகச் சொல்லித் தலையாட்டுங்க. ஏறிடுவாரு."

கைப்பையில் ஒரு மளிகைச் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கத்தில் லோர்னா எழுத ஆரம்பித்தாள். ஆர்வில் காரிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தார், இறங்கி வந்து ஏறத் தொடங்கினார். மூன்றாம் படியில் அவள் தலையாட்டினாள். நான்கு, ஐந்து, ஆறு. மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்! மீன் வாசனை மூக்கைத் துளைத்தது. கதவு பூட்டியிருந்தது.

"லோர்னா, சாவியை எடுத்துட்டு வா. பசி உயிர் போகுது."

அவள் நிமிரவில்லை. சீட்டில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதிக்கொண்டிருந்தாள்.

"இரு, ஆர்வில். நாலாவது படிக்கு நீ எதுக்குப் போனேன்னு இன்னும் எழுதல."