சார்ஜ் நிற்காத கார்

சாவியைத் திருப்பியதும் கார் 'டிக்' என்றது. அதோடு சரி.

"இந்த வாரத்துல மூணாவது தடவை! பேட்டரின்னு சொல்லி வெறும் டப்பாவை என் தலையில கட்டியிருக்கான்!"

அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அங்கே சம்பளத்துக்குக் குறை கண்டுபிடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையே இலவசமாகச் செய்வார். இன்று விடுப்பு எடுத்திருந்தார். நாலு மணி ரயிலில் மகள் வருகிறாள். வேலைக்கென்று வெளியூர் போய் ஒன்பது மாதம் ஆயிற்று. போனில், "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பதற்கு மேல் அவரிடம் பேசியதில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிஷம். காருக்குள் அவளும் அவரும் மட்டும். அப்போதாவது மனம்விட்டு நாலு வார்த்தை பேசமாட்டாளா என்று அவர் ஏங்கிக் கிடந்தார். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பேட்டரிக் கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"பேட்டரி நல்ல பேட்டரி சார். லைட்டு, ஃபேன் எதையாவது ஓடவிட்டுட்டீங்களா?"

"யாரு, நானா? ஆயிரம் ஸ்க்ரூவுல ஒண்ணு லூஸா இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன்யா நான்!"

"கோபப்படாதீங்க சார். சார்ஜர் குடுத்தனுப்புறேன். கூட இருக்கற பேப்பரைப் படிச்சுட்டு மாட்டுங்க. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலேர்ந்து கேஸ் வரும். பொறி பட்டா வெடிச்சிடும்."

'வெடிச்சிடும்' என்ற ஒரு வார்த்தை போதாதா? பத்து மணிக்குச் சார்ஜர் வந்தது. அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டையே இரண்டாக்கினார்.

"காத்தோட்டம் வேணுமாம். எல்லா ஜன்னலையும் திற!"

மனைவி திறந்தாள். தூசி உள்ளே வந்தது. அதற்கும் அவள்தான் திட்டு வாங்கினாள்.

"பக்கத்துல நெருப்பே கூடாதாம். அடுப்பை அணை!"

சமையலறை ஜன்னல் கார் நிற்கும் பக்கம்தான். "காய் பாதிதான் வெந்திருக்குங்க."

"பாதி வெந்தா போதும். வீடு முழுசா வேகணுமா?"

கையில் மோதிரம் இருக்கக் கூடாது என்றது பேப்பர். மோதிரமோ கல்யாணத்தன்று ஏறியது. சோப்பு போட்டார், எண்ணெய் போட்டார், கடைசியில் மாமனாரைத் திட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து அது கழன்றபோது விரல் சிவந்து வீங்கியிருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது பேப்பர். மகள் சின்ன வயதில் நீச்சலுக்குப் போட்ட ரோஸ் நிறக் கண்ணாடிதான் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டார்.

சிவப்பு கிளிப்பைப் பிளஸ்ஸில் மாட்டினார். கருப்பைப் பேட்டரிக்குத் தள்ளி, எஞ்சின் இரும்பில் கடிக்கவிட்டார். அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

மனைவி எட்டிப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏங்க, வண்டிய ஓட்டினாத்தானே பேட்டரி இறங்கும்? சும்மா நின்னா இறங்காதுல்ல?"

"இறங்காது! நின்ன இடத்துல எப்படி இறங்கும்? எட்டாங் கிளாஸ் பையனுக்குத் தெரியும் இது!"

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒன்றரை மணிக்குச் சார்ஜரின் முள் பாதியைத் தாண்டியது. கிளம்ப இது போதும். சுவிட்சை அணைத்து, கருப்பை எடுத்து, பிறகு சிவப்பை எடுத்தார். உள்ளே வந்து பாதி வெந்த காயைத் தின்றதும் ஆத்திரம் மறுபடி பொங்கியது. கடைக்காரருக்குப் போன் போட்டு, வாரண்டி, நியாயம், நாணயம் என்று ஒன்றேகால் மணி நேரம் பிடிபிடியென்று பிடித்தார். நடுவில் மனைவியின் போன் அடித்தது. "இங்க மனுஷன் பேசிட்டிருக்கேன்ல?" என்று ஒரு கத்து கத்தினார். அவள் போனோடு வெளியே நழுவினாள். காயப்போட்ட துணியை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினார். இந்த முறை 'டிக்' கூட இல்லை.

"ஐயோ! கண்ணெதிர்ல ஏத்தினதுடி! திருட்டுப் பேட்டரி!"

இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அவசரத்தில் பேப்பரை மறந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளிப்பை மாட்டப்போனார். இரண்டு கிளிப்பும் உரச, பளீரென்று ஒரு பொறி பறந்தது. வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. நல்லவேளை, அவ்வளவோடு போயிற்று.

மறுபடி போன் போட்டதும் கடைக்காரர் ஓடி வந்தார். ஒவ்வொன்றாகச் சோதித்தார். "பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல சார்" என்று அவர் சொல்ல, "அப்போ குத்தம் என் மேலயா?" என்று இவர் பாய, பேச்சு தெருவரைக்கும் போனது. மணி நாலே முக்கால்.

வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. மகள் பெட்டியோடு இறங்கினாள்.

அவருக்கு ரோஸ் கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. "உன்னை நானே வந்து கூட்டிட்டு வரணும்னு காலையிலேர்ந்து போராடுறேன்மா! ஏத்த ஏத்த எவனோ உறிஞ்சுறான். யாருன்னு மட்டும் தெரியட்டும்!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"அம்மா தினமும் கார்லதானேப்பா உட்கார்ந்து, கண்ணாடிய ஏத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக்கிட்டு எங்கிட்ட பேசுவாங்க, மத்தியானம்கூட ஒரு மணி நேரம் பேசினோமே, வீட்டுக்குள்ள உங்க சத்தத்துல நான் பேசறது ஒண்ணுமே காதுல விழலையாம்!"